மைனஸ் 22-க்குப் பின்னால் இருந்த ஒற்றை பிட்

எங்கள் வைஃபை ரவுட்டரில் ஓடும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை 4.19-இலிருந்து 5.4-க்கு மாற்றி, வைஃபை சிப்பை இயக்கும் டிரைவரையும் புதிதாகக் கம்பைல் செய்யும் வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு ஆன்டெனாவின் சிக்னல் அளவையும் டிரைவரிடம் கேட்டு வாங்கும் எங்கள் கருவி மட்டும், அனுப்பிய வெண்டர் கட்டளைக்கெல்லாம் (சிப் நிறுவனம் தனக்கென வரையறுத்த கட்டளை) மைனஸ் 22, அதாவது ‘செல்லாத மதிப்பு’ என்ற பிழையையே பெற்றுக்கொண்டிருந்தது.

சிப் நிறுவனத்தின் உதவிப் பிரிவு ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொன்னது, புதுப்பித்தும் பயனில்லை. கட்டளையைக் கையாளும் டிரைவரின் ஹேண்ட்லர் முழுவதும், கெர்னல் பதிவில் அச்சிடும் பிரிண்ட்கே வரிகளை நிரப்பினேன், ஒன்றுகூட அச்சாகவில்லை. கட்டளை டிரைவரை எட்டவே இல்லை என்பதற்கு அதுவே சான்று. அதை நான் உணர்வதற்குள் நான்கு நாட்கள் வீணாகிவிட்டன.

கருவியும் கெர்னலும் பேசிக்கொள்ளும் நெட்லிங்க் சாக்கெட்டில், பிழைக்கான காரணத்தையும் சேர்த்து அனுப்பும் எக்ஸ்டெண்டட் ஆக் வசதியை இயக்கிய பிறகுதான் உண்மை தெரிந்தது: உள்ளடுக்குத் தரவை எதிர்பார்த்ததாகக் கெர்னலே ஒரு வரியில் சொன்னது. 5.3 முதல் ஒவ்வொரு வெண்டர் கட்டளைக்கும் டிரைவர் ஒரு பாலிசியை, அதாவது தரவு எப்படி இருக்க வேண்டும் என்ற விதியை, அறிவிக்க வேண்டும். தரவின் தனித்தனிக் கூறுகளான அட்ரிபியூட்டுகளை விவரிக்கும் பாலிசி இருந்தால், தரவைச் சுமக்கும் 197-ஆம் அட்ரிபியூட்டின் 16 பிட் வகை எண்ணில் உள்ளே வேறு அட்ரிபியூட்டுகள் இருப்பதைக் குறிக்கும் நெஸ்டெட் என்னும் மேல் பிட் (மதிப்பு 32768) ஏற்றப்பட்டிருந்தால்தான் கட்டளை உள்ளே போகும். எங்களிடம் இருந்த பழைய லிப்என்எல் என்னும் நெட்லிங்க் நூலகம் அதைத் தானாக ஏற்றுவதில்லை. நெட்லிங்க் போக்குவரத்தைக் காட்டும் என்எல்மான் இடைமுகத்தில் டிசிபிடம்ப் கருவியை வைத்துப் பிடித்த பாக்கெட்டில், 32965 இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 197 இருந்தது.

பிட்டை ஏற்றியதும் பதில் வந்தது. ஆனால் எல்லா அளவுகளும் பூஜ்யம். இம்முறை குற்றம் எங்களுடையது. 5.2 முதல், நெஸ்ட்டைத் தொடங்கும் கெர்னல் செயற்கூறு அதே பிட்டைத் தானே ஏற்றுகிறது. பதிலைப் பிரித்துப் படிக்க நாங்கள் கையால் எழுதிய பார்சரோ மேல் பிட்டுகளை நீக்காமல் 3 என்ற வகையைத் தேடியது, வந்ததோ 32771. நூலகத்தின் பார்சரை அழைத்திருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது. கையால்தான் எழுதுவேன் என்பவர்கள் வகை எண்ணின் மேல் இரண்டு பிட்டுகளையும் நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள்; அட்ரிபியூட்டின் நீளத்தில் 4 பைட் தலைப்பும் அடங்கும் என்பதையும், அடுத்த அட்ரிபியூட் 4-இன் மடங்கில்தான் தொடங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

திருத்திய கருவியைக் களத்தில் இன்னும் 4.19-இல் ஓடும் ரவுட்டர்களிலும் சோதித்தேன். அந்தக் கெர்னல் மேல் பிட்டை நீக்கிவிட்டே வகையைப் படிப்பதால், ஒரே பைனரி இரண்டிலும் சரியான அளவுகளைக் காட்டுகிறது.