பால் பைத்தானுக்குச் சூடும் மறைவும் உள்ள பெட்டி: செய்து பார்த்த அனுபவம்

நான் வளர்க்கும் பால் பைத்தான் (Ball Python என்ற பாம்பு) வளர்ந்துவிட்டது. பழைய பெட்டி அதற்குப் போதவில்லை என்பதால் புதிதாக ஒன்றை நானே அமைத்தேன். பாம்பு இப்போது அதில் குடியேறி, இரையும் ஒழுங்காக எடுக்கிறது. வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இது மேற்கு, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு. பகலில் எலி வளையிலோ பழைய கரையான் புற்றிலோ முடங்கிக் கிடக்கும், இருட்டிய பிறகுதான் வெளியே வரும். பயந்தால் பந்துபோலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். இவ்வளவு கூச்சமுள்ள உயிருக்குப் பெட்டி அமைக்கும்போது நான் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: சூடு வேண்டுமா, மறைவு வேண்டுமா என்று அது தவிக்கும் நிலை வரவே கூடாது. சூடான பக்கத்தில் பதுங்க இடம் இல்லையென்றால் பாம்பு குளிர்ந்த பக்கத்திலேயே கிடந்துவிடும். பாம்பின் செரிமானம் வெளிச்சூட்டை நம்பியிருக்கிறது. உடல் சூடு போதாவிட்டால் விழுங்கிய இரையைக் கக்கிவிடும். அதனால் வெப்பமானி சரியான எண்ணைக் காட்டினால் மட்டும் போதாது, அந்தச் சூட்டில் பாம்பு பயமில்லாமல் படுத்திருக்கவும் வேண்டும்.

முதலில் பெட்டி. 120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரத்தில் பிவிசி பலகையால் செய்தேன். கண்ணாடித் தொட்டியைவிட இதில் சூடும் ஈரமும் நன்றாகத் தங்கும். மூன்று பக்கமும் மறைந்திருப்பது பாம்புக்கும் நிம்மதி. முன்பக்கம் மட்டும் நகரும் கண்ணாடி. மேலிருந்து கை இறங்கினால் பருந்து பாய்வதுபோல அது மிரளும், அதனால்தான் திறப்பை முன்னால் வைத்தேன். பூட்டு கட்டாயம். தலை நுழையும் இடைவெளி கிடைத்தால் பாம்பு முழுசாக வெளியே போய்விடும். மூலைகளைச் சிலிக்கான் பேஸ்ட் வைத்து அடைத்து, அந்தப் புளித்த காடி வாசனை முழுக்கப் போகும்வரை விட்டுவைத்தேன்.

அடுத்தது சூடு. செராமிக் ஹீட்டர் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதன் மேற்பரப்பு 200 டிகிரிக்கு மேல் போகும். பீங்கான் ஹோல்டரும், பாம்பு சுற்றிக்கொள்ள முடியாத கம்பிக் கூண்டும் இல்லாமல் அதைப் பெட்டிக்குள் வைக்கக்கூடாது. பிவிசி கூரைக்கும் அது ஒத்துவராது. சூடாகும் கல் என்று ஒன்று விற்கிறார்கள், அது வேண்டவே வேண்டாம். வயிற்றுக்கு அடியிலிருந்து சுடும்போது பாம்பு உடனே விலகாது, பலத்த தீக்காயம் பட்ட பிறகும் அங்கேயே படுத்திருக்கும். நான் தேர்ந்தெடுத்தது கூரையில் பதிக்கும் ரேடியன்ட் ஹீட் பேனல். தட்டையாக இருப்பதால் சுற்றிக்கொள்ளவும் தொங்கவும் வழியில்லை, வெளிச்சமும் தராது. இரவுக்கென்று விற்கும் சிவப்பு, நீல பல்புகளை நான் வாங்கவில்லை. இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். பகலுக்கு மட்டும் ஒரு சிறிய எல்.ஈ.டி., டைமரில் 12 மணி நேரம்.

இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவழித்தது, சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியான தெர்மோஸ்டாட் மீதுதான். அது சென்சார் சொல்வதை அப்படியே நம்பும். சென்சார் இடம் மாறிக் குளிர்ந்த மூலையில் விழுந்தால், பெட்டி இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துப் பேனலை ஓட்டிக்கொண்டே இருக்கும். நனைந்தாலும் அளவு குறைந்துதான் தெரியும். அதனால் சென்சாரைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குத் தூரமாக, பேனலுக்கு நேர் கீழே, பாம்பின் முதுகு வரும் உயரத்தில் சுவரோடு கவ்வி போட்டுத் திருகினேன். செல்லோடேப்பை மட்டும் பெட்டிக்குள் எதற்கும் பயன்படுத்தாதீர்கள். செதிலில் ஒட்டிக்கொண்டால் எடுக்கும்போது தோலே கிழிந்துவிடும்.

ஒரே கருவியை நம்பவும் மனம் வரவில்லை. பல்ஸ் முறையில், அதாவது மின்சாரத்தைச் சிறு சிறு துடிப்புகளாக விட்டு ஓடும் தெர்மோஸ்டாட்டை 32 டிகிரியில் வைத்து, அதற்கு மின்சாரம் தரும் வழியில் சாதாரண ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட் ஒன்றையும் சேர்த்தேன். அதற்குத் தனி சென்சார், 35 டிகிரியில் துண்டிக்கும்படி வைத்திருக்கிறேன். முதலாவது பழுதாகிச் சூடு ஏறினாலும் இரண்டாவது நிறுத்திவிடும். இவை இரண்டோடும் சம்பந்தமில்லாத ஒரு டிஜிட்டல் வெப்பமானியும் அலாரத்தோடு உள்ளே இருக்கிறது. ஒயர்கள் பிளக்குக்குப் போகும் வழியில் கொஞ்சம் தொங்கிவிட்டு ஏறும்படி விட்டேன், தண்ணீர் வழிந்தால் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் பிரேக்கர் உள்ள இணைப்பில்தான் எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறேன்.

பாம்பை உடனே விடவில்லை. எல்லாப் பொருளையும் உள்ளே வைத்துச் சில நாள் காலியாகவே ஓடவிட்டேன். இந்த ஓட்டத்தில்தான் முக்கியமான ஒன்று தெரிந்தது. பேனல் மேலிருந்து சுடுவதால் சூடான மறைவிடத்தின் கூரை நன்றாகச் சூடேறியது, உள்ளே தரை மட்டும் 28 டிகிரியிலேயே நின்றது. தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் கூரையை மட்டும் அளந்திருந்தால் எல்லாம் சரி என்றே தோன்றியிருக்கும். பாம்பு படுக்கப்போவது உள்ளே அல்லவா? தடிமனான மறைவிடத்தை எடுத்துவிட்டு, மெல்லிய கருநிறப் பிளாஸ்டிக்கால் ஆன ஒன்றைக் கொஞ்சம் உயர்த்தி வைத்ததும் உள்ளே 31 முதல் 32 வரை வந்தது. மறுமுனையில் 25, 26. இந்த ஏற்ற இறக்கம்தான் பாம்புக்குத் தேவை, வேண்டிய இடத்துக்கு அதுவே நகர்ந்துகொள்ளும். அறை குளிரும் விடியற்காலையிலும் அளந்து பார்த்துவிட்டுத்தான் திருப்தியானேன்.

தரைக்குத் தேங்காய் நார்த் தூளும் சில்லும் கலந்து ஒரு சாண் ஆழத்துக்குப் போட்டேன். தேவதாரு மரச்சீவல் கூடாது, அதன் வாசனை எண்ணெய் பாம்புக்கு நஞ்சு. ஈரப்பதம் 60-லிருந்து 80 சதவீதம் வேண்டும். சுவரில் தண்ணீர் தெளித்தால் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கிவிடுகிறது. நான்கு மூலையிலும் மெதுவாக ஊற்றினால் அடி அடுக்கு ஈரமாகவும் மேல் அடுக்கு காய்ந்தும் இருக்கும். வயிறு ஈரத்திலேயே கிடந்தால் செதிலில் புண் வரும், அதனால் மேலே காய்ந்திருப்பது முக்கியம்.

மறைவிடங்கள் சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் அச்சு அசலாக அதே மாதிரி ஒன்று. சுருண்டால் உடம்பு சுவரில் உரசும் அளவுக்கு இரண்டும் குறுகலானவை. விசாலமான மறைவிடம் நமக்குத்தான் அழகு, பாம்புக்கு முதுகு எதிலாவது பட வேண்டும். நடுவில் ஈரமான ஸ்பாக்னம் பாசி போட்ட மூன்றாவது ஒன்று, சட்டை உரிக்கும் காலத்துக்கு. இவற்றுக்கு இடையே கார்க் பட்டை, கிளை, பிளாஸ்டிக் இலை என்று நெருக்கமாக நிரப்பினேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு யார் கண்ணிலும் படாமல் போகலாம். பாம்பு தரையின் அதிர்வைத் தாடையால் உணரும், அதனால் பெட்டியை ஸ்பீக்கருக்கும் கதவுக்கும் தள்ளி வைத்துக் கால்களுக்கு அடியில் ரப்பர் கொடுத்தேன்.

குடியேற்றும் அன்று பழைய மறைவிடத்தையும், பழைய தரைத்தூளில் ஒரு கைப்பிடியையும் கூடவே வைத்தேன், அதன் சொந்த வாசனை அங்கே இருக்கட்டும் என்று. கண்ணாடியின் கீழ்ப்பாதியைத் தாளால் மறைத்தேன். முதல் வாரம் தண்ணீர் மாற்றியதோடு சரி, தூக்கவே இல்லை. மூக்கைக் கண்ணாடியில் தேய்க்கிறதா, இரவு முழுக்க அலைகிறதா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா என்று தூரத்திலிருந்து பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. இரவில் நாக்கை மெதுவாக நீட்டியபடி எல்லா மூலையையும் ஆராய்ந்தது, பகலில் மறைவிடங்களை மாறி மாறிப் பயன்படுத்தியது. அப்புறம் ஒரு நாள் இருட்டிய பிறகு இடுக்கியில் இரையை நீட்டினேன். தயங்காமல் கவ்விச் சூடான மறைவுக்குள் போய்விட்டது. அடுத்த 48 மணி நேரமும் தொடவில்லை. அங்கேயே கிடந்து செரித்தது. எனக்கு அதைப் பார்த்து உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமில்லை. அதன் பிறகு வந்த சட்டையும், கண்ணை மூடியிருக்கும் மெல்லிய படலத்தோடு சேர்ந்து ஒரே துண்டாக உரிந்தது.

மின்சாரம் போனால் பெட்டியைச் சுற்றி வைக்கத் தெர்மோகோல் பலகைகளை அளவாக வெட்டி வைத்திருக்கிறேன். அதிக நேரம் வராவிட்டால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி உள்ளே வைக்கலாம்.

இனி பாக்கி இருப்பது ஏறிப் படுக்க ஒரு பரண். பேனலுக்கு அருகே போகப் போகச் சூடு கூடும் என்பதால், இடத்தை முடிவு செய்யும் முன் ஒவ்வொரு உயரத்திலும் ஒரு நாள் முழுக்க அளந்து பார்க்கப் போகிறேன். பரண்மேலும் ஒரு மறைவிடம் உண்டு.