முண்ணாண் ஏற்கெனவே வாங்கிய அளவு: ஒரு மீள்கதிர்ச் சிகிச்சைக் கணக்கு

கல்முனைப் பக்கத்திலிருந்து வந்த அந்த ஐயாவுக்கு, நெஞ்சுப் பகுதி முள்ளந்தண்டில் பரவிய புற்றுநோய்க்காகப் பத்துத் தவணைகளில் 30 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு) கதிர்ச் சிகிச்சை முன்னரே கொடுக்கப்பட்டிருந்தது. ஒன்பது மாதங்களின் பின் அதே எலும்பில் வலி திரும்பியது. ஐந்து தவணைகளில் இன்னும் 20 கிரே கொடுத்தால் முண்ணாண், அதாவது முள்ளந்தண்டினுள் ஓடும் நரம்புத் தண்டு, தாங்குமா என்று வைத்தியர் கேட்டார். மட்டக்களப்பில் மருத்துவப் பௌதிகவியலாளராக வேலை தொடங்கியிருந்த எனக்கு அதுவே முதலாவது மீள்சிகிச்சைக் கணக்கு.

முப்பதும் இருபதும் ஐம்பது. நாளுக்கு 2 கிரே வீதம் 50 கிரே வரை முண்ணாணுக்கு ஆபத்து மிகக் குறைவு என்றே படித்திருந்தேன். ஆனால் அந்த ஐம்பது வேறு, இந்த ஐம்பது வேறு. ஒரு தவணையின் அளவு 3, 4 கிரே என்று ஏற ஏற, நரம்பிழையம் கட்டியைவிடக் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறது. இந்த வேறுபாட்டை அல்பா–பீற்றா விகிதத்தால் குறிக்கிறோம்: பல கட்டிகளுக்கு 10, முண்ணாணுக்கு 2 என்று எடுப்பது வழக்கம். எண் சிறிதாக இருந்தால், பெரிய தவணை அந்த இழையத்தைக் கூடுதலாகத் தாக்கும்.

முதல் தாளில் நான் பிழை விட்டேன். கட்டிக்காகத் தயாரித்த விரிதாளில் விகிதத்தை மாற்றாமல் முண்ணாணுக்கும் 10 ஐயே விட்டுவிட்டதால், இரண்டு சிகிச்சைகளும் சேர்ந்து 2 கிரே தவணைகளில் ஏறத்தாழ 56 கிரேக்குச் சமம் என்று வந்தது. சரிபார்த்த மூத்த அக்கா, “இது யாருடைய விகிதம், தங்கச்சி?” என்று மட்டும் கேட்டார். 2 ஐப் போட்டுப் பார்த்தேன்; 67.5 கிரே. ஒரு மனிதரின் நடை அந்த ஒற்றை எண்ணில் தங்கியிருந்ததை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பழைய திட்டத்தையும் எடுக்கும்படி அக்கா சொன்னார். முதுகுப்புறமாக ஒரே கதிர்ப்புலத்தால் கொடுத்த சிகிச்சை என்பதால், 30 கிரே என்று அளவு விதித்த புள்ளியைவிடத் தோலுக்கு அருகில் இருந்த முண்ணாண் 30 அல்ல, 32 கிரே வாங்கியிருந்தது. மொத்த அளவும் தவணையளவும் சேர்ந்தே ஏறுவதால் இது சிறிய வித்தியாசமல்ல. மொத்த அளவை, ஒன்றுடன் தவணையளவை விகிதத்தால் வகுத்துக் கூட்டி வரும் எண்ணால் பெருக்கினால் உயிரியல் விளைவளவு கிடைக்கும்: 32 × (1 + 3.2 ÷ 2) = 83.2. ஐந்து தவணைத் திட்டம் இன்னும் 60 ஐச் சேர்த்து 143.2 ஆக்கும். இரண்டு சிகிச்சைகளுக்கும் இடையில் ஆறு மாதமாவது கழிந்து, எந்த ஒரு சிகிச்சையின் விளைவளவும் 98 ஐத் தாண்டாவிட்டால், கூட்டுத்தொகை 135.5 வரை ஆபத்து குறைவு என்பதே நாங்கள் பின்பற்றிய வரம்பு.

ஒரே தவணையில் 8 கிரே என்றால் சேர்வது 40 மட்டுமே, மொத்தம் 123.2. மீள்சிகிச்சையில் வலியைத் தணிக்க 8 கிரே ஒற்றைத் தவணை 20 கிரேக்குக் குறைந்ததல்ல என்று 2014 இல் வெளியான சர்வதேச ஆய்வும் காட்டியிருந்தது. இரண்டு தாள்களையும் பார்த்த வைத்தியர் ஒற்றைத் தவணையையே விதித்தார்.

ஒரே நாள்தான் என்றதும் ஐயாவின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டார். கணக்கு ஆபத்தைக் குறைக்குமே தவிர இல்லாமலாக்காது. ஆகவே கால் விறைத்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ அடுத்த கிளினிக் வரை காத்திராமல் உடனே கூட்டிவர வேண்டும் என்று வைத்தியர் சொன்னதை, மகளின் கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.