வென்ற பிறகு வந்த நாட்கள்

09.11.2016, புதன்

மத்தியானச் சாப்பாட்டு நேரம் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் முடிவு தெரிந்துவிட்டது. டிரம்ப்தான். ஹிலாரி வெல்ல வேண்டும் என்று இங்கே யாழ்ப்பாணம் நல்லூரில் மாகாண சபை உறுப்பினர் ஒருவர் தேங்காய் உடைத்ததெல்லாம் வீண். நியூ ஜெர்சியில் இருக்கும் பெறாமகளுக்கு வைபரில் எடுத்தேன். அங்கே நடுச்சாமம் தாண்டிய நேரம். "நித்திரை வரேல்லை சின்னம்மா" என்றாள்.

12.11.2016, சனி

அவளே எடுத்தாள். கடை வாசலில் பிள்ளையைக் காருக்குள் இருத்தும்போது, பிக்கப்பில் வந்த ஒருவன் கண்ணாடியை இறக்கி, "இனி எங்கட ஆட்சி, உன்ர நாட்டுக்குப் போ" என்று கத்தினானாம். சுற்றி நின்ற ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு அதுதான் பெரிய நோவு.

பக்கத்தில் இருந்த மச்சாள், "77 மாதிரிக் கிடக்கு" என்றாள். 1977இல் தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பிலிருந்து உடுத்த உடுப்போடு ஓடிவந்த குடும்பம் அவளுடையது. அவள் வேறென்ன சொல்வாள்?

1977 ஜூலையில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ அள்ளியது. தமிழர் விடுதலைக் கூட்டணி 18 எடுத்து எதிர்க்கட்சியானது. இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகாவது கோபம் ஆறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. யாழ்ப்பாணத்தில் கார்னிவல் ஒன்றில் பொலிஸோடு தகராறு, சந்தையில் தீ, இங்கே சிங்களவரைக் கொல்கிறார்கள் என்று தெற்கே ஒரு வதந்தி. அடி வாங்கியது கொழும்பிலும் அனுராதபுரத்திலும் மலைநாட்டுத் தோட்டங்களிலும் இருந்த, கார்னிவல் பக்கமே போகாத தமிழ்ச் சனம். ஓகஸ்ட் 18 அன்று பிரதமர் ஜே.ஆர். ஜெயவர்த்தன பாராளுமன்றத்தில், சண்டை வேண்டுமென்றால் சண்டை, சமாதானம் வேண்டுமென்றால் சமாதானம் என்றார். அதை நான் சொல்லவில்லை, நாட்டு மக்கள் சொல்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். கெட்டிக்காரர்! கத்தியோடு நின்றவனுக்கு முதல் பாதியே போதும்.

14.11.2016, திங்கள்

போயா (பௌர்ணமி) விடுமுறை. டிரம்பின் தொலைக்காட்சிப் பேட்டி பற்றித்தான் பேச்சு. தன் ஆதரவாளர்கள் சிறுபான்மையினரைத் துன்புறுத்துவது பற்றிக் கேட்டதும், இப்படி நடக்கிறதா என்று ஆச்சரியப்பட்டாராம். பிறகு கமராவைப் பார்த்து, "நிறுத்துங்கள்" என்றாராம். மச்சாள், "அதாவது சொன்னாரே" என்றாள். எனக்கு அவ்வளவு தாராளம் வரவில்லை. மாதக்கணக்காக மேடையில் ஏற்றிய சூட்டை ஒரு சொல் இறக்குமா? ஆனாலும் ஜே.ஆர். அந்த ஒரு சொல்லையாவது சொல்லியிருக்கலாம்.

30.11.2016, புதன்

அமெரிக்காவில் வெறுப்புக் குழுக்களைக் கண்காணிக்கும் சதர்ன் பொவர்ட்டி லோ சென்டர் என்ற அமைப்பு கணக்கு வெளியிட்டிருக்கிறது. தேர்தலுக்குப் பிந்திய 10 நாட்களில் 867 வெறுப்புச் சம்பவங்கள். அதில் 280 குடிவந்தவர்களுக்கு எதிரானவை. ஆகக் கூடுதலாக நடந்த இடம் பள்ளிக்கூடமாம்.

பெறாமகள் இன்னும் முறைப்பாடு கொடுக்கவில்லை. "அடிக்கேல்லைத்தானே" என்கிறாள். மச்சாள் போனைப் பறித்தாள். 77 பற்றி விசாரித்த சன்சோனி ஆணைக்குழுவுக்குப் போய் என்ன வரப்போகிறது என்று மச்சாளின் ஐயா வீட்டிலேயே இருந்துவிட்டாராம். 1980இல் அறிக்கை வந்தபோது அவர்களுடைய கதை அதில் இல்லை. "நீ போய் எழுதிக் குடு பிள்ளை" என்றாள். சனிக்கிழமை போகிறாளாம். கார் இலக்கத்தில் பாதிதான் ஞாபகம்.