மூன்றாவது இழுப்பு

டீக்கடை பெஞ்சில், பக்கத்துத் தம்பியின் போனில் ஐந்து நிமிட பிட்காயின் சார்ட். ஸ்டாப் லாஸ் கோட்டை, அதாவது விலை அங்கே இறங்கினால் நஷ்டத்தோடு தானாக விற்றுவிடும் கோட்டை, விரலால் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை.

"விடுங்கண்ணே, ஹோல்டு பண்ணிக்கலாம்."

ஸ்கால்ப்பிங்குக்கு, அதாவது சில நிமிடங்களில் வாங்கி விற்க, எடுத்த அளவை வைத்துக்கொண்டு, நாள்கணக்கில் காத்திருக்கும் ஸ்விங் பொறுமை காட்டினால் கணக்கு கிழியும்.

கையிலிருக்கும் முதலீடு ஒரு லட்சம், ஒரு டிரேடில் நஷ்டமாகப் போகலாம் என்பது ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாப் 1 சதவீதம் தள்ளி இருந்தால் முழு லட்சத்துக்கும் வாங்கலாம். 8 சதவீதம் தள்ளி என்றால் 12,500 தான். அளவைக் குறைக்காமல் ஸ்டாப்பை மட்டும் இழுத்தால் ஆயிரம் எட்டாயிரமாகும். 20 மடங்கு லீவரேஜ், அதாவது கைப்பணத்தைப்போல் 20 மடங்குக்குக் கடனில் எடுத்தது என்றால், ஸ்டாப்பை இழுக்கும் வாய்ப்புகூட இல்லை. விலை 5 சதவீதம் எதிரே போவதற்குள் லிக்விடேஷன்: எக்ஸ்சேஞ்சே டிரேடை மூடிவிடும்.

போதாததற்கு நம் நாட்டில் ஸ்பாட் ஸ்கால்ப்பிங்கே, அதாவது காயினையே நேரடியாக வாங்கி உடனுக்குடன் விற்பதே, வீண் வேலை. 2022 ஜூலையிலிருந்து விற்கும்போதெல்லாம் 1 சதவீதம் டிடிஎஸ், முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் வரி. லாப நஷ்டமே இல்லாமல் 50 தடவை மொத்தத்தையும் விற்று வாங்கினாலும், கையில் சுற்றுவது அறுபதாயிரத்துச் சொச்சம். மீதி ரிட்டர்ன் போடும்வரை முடக்கம். லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் விடமாட்டார்கள்.

டீ ஆறிப்போயிருந்தது. தம்பியின் விரல் மறுபடி கோட்டின் மேல்.