ஆர்எக்ஸ் 100: பட்டறை நாட்குறிப்பு

2025 ஜனவரி 5, ஞாயிறு. கோவை

சிலிண்டரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பெஞ்சில் கவிழ்த்து வைத்தாயிற்று. யமஹா ஆர்எக்ஸ் 100, டூ ஸ்ட்ரோக் பைக், 1993 மாடல். டிராக்கில் ஓட்டுவதற்காக இன்ஜினில் கை வைக்கிறேன். கம்பெனி போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ., ஆக 98 சி.சி. யமஹா கொடுத்த பவர் 7,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) 11 குதிரை. இழுவையின் உச்சம் 6,500இல். நான்கே கியர். இந்த வண்டியில் பவர் ஏற்ற நினைப்பவர்கள் பலர் அந்த நான்கு கியரை மறந்துவிடுகிறார்கள்.

பிஸ்டன் தலையில் '50' என்று அச்சு இருக்கிறது, அதாவது ஏற்கெனவே அரை மில்லி போர் அடித்த, அதாவது உள்ளே கடைந்து அகட்டிய சிலிண்டர். சுவரில் கோடு விழுந்திருப்பதால் அடுத்த சைஸ் 0.75தான். அதில் 101 சி.சி. வரும். 3 சி.சி. கூடியதால் மட்டும் வண்டி பறந்துவிடப் போவதில்லை.

ஜனவரி 8

இன்று ஈயக் கம்பி வேலை. 2 மில்லி தடிமன் சால்டரிங் ஈயத்தை ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகச் சிலிண்டர் சுவர் வரை விட்டு, கிராங்க்கை ஒரு சுற்று சுற்றி எடுத்தால், நசுங்கிய நுனியின் கனம்தான் ஹெட்டுக்கும் (சிலிண்டரின் மூடி) பிஸ்டனுக்கும் உள்ள ஓர இடைவெளி. கம்பியை பிஸ்டன் பின் போகும் திசையில் வைத்து இரு பக்கமும் பார்க்க வேண்டும். குறுக்கே வைத்தால் பிஸ்டன் சாய்ந்து பொய்க் கணக்கு காட்டும்.

1.6 மில்லி வந்தது. ரொம்ப அதிகம். ஓரத்தில் தங்கும் பெட்ரோல்-காற்றுக் கலவையை நசுக்கி நடுவுக்குத் தள்ளத்தான் அந்த இடம் இருக்கிறது. இடைவெளி இவ்வளவு இருந்தால் அது நசுங்காது. ஓரத்தில் சும்மா சூடேறிக் கிடந்து தட்டல் சத்தத்துக்கு வழி பண்ணும். 0.9க்குக் கொண்டுவரப் போகிறேன். அதற்கும் கீழே போனால் உச்ச வேகத்தில் கனெக்டிங் ராடு நீண்டு, பேரிங் ஆட்டமும் சேர்ந்து, பிஸ்டன் ஹெட்டில் முட்டக்கூடும். 0.7 மில்லி கடைந்தால் ஹெட்டின் உள்ளளவில் 1.4 சி.சி. போய்விடும், கம்ப்ரெஷன் ஏறும். 98 சி.சி. இன்ஜினில் இந்த 1.4 சின்ன விஷயமில்லை.

செலவுக்கு ஈடாக அதிகம் தருவது இந்த வேலைதான் என்பது என் கட்சி. ஆனால் பசங்களுக்கு அரம் எடுத்துப் போர்ட்டை (சிலிண்டர் சுவரில் உள்ள வாசல்) குடைந்தால்தான் வேலை செய்த திருப்தி.

ஜனவரி 12, ஞாயிறு

ஆவாரம்பாளையத்தில் லேத் அண்ணாவிடம் சிலிண்டர், ஹெட் இரண்டையும் கொடுத்தேன். போர், ஹெட் கடைசல், எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் வாசல்) என்று மூன்றையும் சாக்பீஸால் தரையில் எழுதிக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி, வர்றவனுக எல்லாம் எக்ஸாஸ்ட்ட மூணு மில்லி தூக்கச் சொல்றானுக. உங்களுக்கு ஒண்ணுதானுங்களா?"

"ஒண்ணு போதுங்கண்ணா."

"ரேஸுக்குன்னு சொன்னீங்க?"

"நாலு கியர்தானுங்கண்ணா இருக்குது."

சிரித்தார். புரிந்தவர்.

கணக்கு இதுதான். 50 மில்லி ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை 1 மில்லி உயர்த்தினால், அது திறந்திருக்கும் நேரம், கிராங்க் சுற்றில் அளந்தால், ஏறக்குறைய 5 டிகிரி கூடும். மூன்று மில்லி என்றால் 14, 15 டிகிரி. மொத்தம் 190 டிகிரியைத் தாண்டினால் ரேஸ் இன்ஜின். கீழே ஒன்றுமே இருக்காது, மேலே போய் ஒரேயடியாகப் பிடிக்கும். ஆறு கியர் இருந்தால் அந்த ஒல்லியான ஆர்பிஎம் பட்டைக்குள்ளேயே இன்ஜினை வைத்திருக்கலாம். நம் கியர் பெட்டியிலோ 8,500இல் கியர் மாற்றினால் ஏறக்குறைய 2,000, அல்லது அதற்கும் மேல் ஆர்பிஎம் இறங்கும். இறங்கிய இடத்தில் பவர் இல்லையென்றால் மேலே எத்தனை குதிரை இருந்து என்ன பயன்?

அகலத்திலும் பேராசை கூடாது. நடுவில் பாலம் இல்லாத ஒற்றைப் போர்ட்டை போர் விட்டத்தில் 65 சதவீதத்துக்கு மேல் அகட்டினால், பிஸ்டன் ரிங் வெளியே பிதுங்கி விளிம்பில் மாட்டும். குடைந்த விளிம்பை எல்லாம் மழுங்கத் தேய்க்கச் சொல்லியிருக்கிறேன். புதுக் கலவை உள்ளே வரும் டிரான்ஸ்பர் போர்ட்டுகளின் உயரத்தைத் தொடவில்லை. இடதும் வலதும் ஒரே மட்டத்தில் திறக்கும்படி சரிபார்த்தால் போதும்.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

லேத் லீவு. கறிச் சாப்பாட்டுக்குப் பிறகு சைலன்சர் பைப் கணக்கில் உட்கார்ந்தேன்.

டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர்தான் பாதி இன்ஜின். போர்ட் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. விரியும் கூம்பில் அது போகும்போது திரும்பி வரும் இழுப்பு, சிலிண்டரில் இருக்கும் புகையை உறிஞ்சி, புதுக் கலவையையும் கொஞ்சம் வெளியே இழுத்துவிடும். பிறகு குறுகும் கூம்பில் அலை மோதித் திரும்பி, வெளியே வந்த கலவையைப் போர்ட் மூடுவதற்குள் உள்ளே திணிக்கிறது. வாசலில் வழிந்த தண்ணீரை விளக்குமாற்றால் மறுபடி தொட்டிக்குள் தள்ளுவது மாதிரி.

சூடான புகையில் அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 500 மீட்டர். போர்ட் 180 டிகிரி திறந்திருந்தால், 8,000 ஆர்பிஎம்மில் அது 3.75 மில்லிசெகண்ட். அதற்குள் அலை 1.87 மீட்டர் ஓடும். போகவர என்பதால் நீளம் பாதி, 94 செ.மீ. பிஸ்டன் முகத்திலிருந்து கடைசிக் கூம்பின் நடு வரைக்கும் அளக்க வேண்டும். இதே கணக்கு 10,000க்கு 75 செ.மீ. ரேஸ் பைப் ஏன் குட்டையாக இருக்கிறது என்பது இதில் தெரிந்துவிடும். நான் 94இலேயே நிற்கிறேன்.

இந்த வித்தையைத் தேய்த்துப் பட்டை தீட்டியவர் கிழக்கு ஜெர்மனி எம்இசட் மோட்டார் சைக்கிள் கம்பெனியின் வால்டர் காடன். குழாய்க்குள் அலை என்ன செய்கிறது என்று ஆசிலோஸ்கோப் வைத்துப் பார்த்தவர். 1961இல் அவருடைய 125 சி.சி. இன்ஜின் 25 குதிரை கொடுத்தது, அதாவது லிட்டருக்கு 200. அதே ஆண்டு ஸ்வீடன் பந்தயத்தோடு அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டேக்னர் மேற்கே தப்பி, சுசூகியில் சேர்ந்துவிட்டார். 1962இல் சுசூகிக்கு 50 சி.சி. உலகப் பட்டம், ஓட்டியவர் அதே டேக்னர். காடனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

ஜனவரி 22

எல்லாம் வந்தாயிற்று. ஈயக் கம்பி 0.9 காட்டியது. கிராங்க்கில் மாட்டி அளக்கும் டிகிரி சக்கரத்தில் எக்ஸாஸ்ட் 180ஐ ஒட்டி நின்றது. பிஸ்டன் ரிங்கின் வாய் இடைவெளி (ரிங் கேப்) பார்த்து மாட்டினேன். ஆயில் பம்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே ஆயில் கலக்கச் சொல்லும் கோஷ்டி ஒன்று உண்டு. நான் கழற்றவில்லை, கேபிளை மட்டும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. அதனால் இந்த சிலிண்டரும் பைப்பும் இருக்கும்வரை வண்டி குட்டியானையில்தான் பயணம். கம்பெனி சிலிண்டர் ஒன்றைத் தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 26

மச்சானின் மில் வளாகத்தில் மெதுவாக ஓட்டிப் பழக்கினேன். பாதி திராட்டிலுக்கு மேல் போகவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

செட்டிபாளையம், கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் திடல். காலையில் குளிர். குளிர்காற்றில் அடர்த்தி கூடுதல், கலவை மெலியும் என்பதால் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாகப் போட்டே வந்தேன். முழு திராட்டிலில் ஓட்டி, கில் சுவிட்சை அணைத்து, கிளட்சைப் பிடித்து நிறுத்திப் பிளக்கைப் பார்த்தால் அடியில் வெளுப்பு. இன்னொரு சைஸ் ஏற்றினேன். இளம் பழுப்பு வந்தது. சத்தமும் கொஞ்சம் கனத்தது. மெலிந்த கலவையோடு வேகம் நன்றாகத்தான் இருக்கும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்வரை.

4,000க்குக் கீழே முன்பைவிட மந்தம், அதை மறைக்க முடியாது. 6,000இல் எழுகிறது. முன்பு 7,500க்கு மேல் மூச்சு வாங்கிய வண்டி, இப்போது 8,500 வரை தொய்யாமல் இழுக்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினாலும் 6,000இல் வந்து விழுந்து உடனே பிடிக்கிறது. மூன்று மில்லி தூக்கிய வண்டி ஒன்றும் வந்திருந்தது. நேர்ப்பாதையில் என்னைக் கடந்து போனது. மெதுவான வளைவுகளில் இருந்து வெளியே வரும்போது கிளட்சை நழுவவிட்டுக்கொண்டே இருந்தான் பையன். மதியத்துக்கு மேல் கிளட்ச் தட்டு கருகிய வாசனை அவன் பக்கம்.

எனக்கு மிச்சம் ஒரு வேலை. நேர்ப்பாதை முடிவதற்குள் நான்காம் கியரில் ஆர்பிஎம் மீட்டர் 7,500ஐத் தாண்டவில்லை. பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பற்சக்கரம்) 2 பல் கூட்ட வேண்டும். செயினும் இரண்டு கண்ணி நீளமாக வேண்டியிருக்கலாம். நாளைக்கு அளந்து பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.