சலவைக்குறி

சென்ற மாதம் நம் பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், புவியியல் சார் தம் 82ஆம் வயதில் காலமான செய்தி வந்தபோது மெல்பர்னில் இரவு 11 மணி. அவருடைய ரோத்தான் பிரம்பைப் பற்றியும், தேசிய கீதமான நெகாராகூ பாடும்போது வாயசைக்காதவனைத் திடலின் மறுகோடியிலிருந்தே கண்டுபிடிக்கும் அவர் கண்ணைப் பற்றியும் ஆளாளுக்கு எழுதிக் குவித்தார்கள். நான் எழுதவில்லை. சங்க மலர்க் குழுவினர் விடாமல் கேட்டதால் இப்போது எழுதுகிறேன்.

1981இல் நான் நான்காம் படிவம். பட்டர்வொர்த் விமானத்தளத்தில் அப்போது ஆஸ்திரேலிய விமானப்படை இருந்தது. அக்குடும்பங்கள் பல பினாங்குத் தீவிலேயே குடியிருந்தன. அவர்களுடைய பிள்ளைகள் நம் திடலுக்கு ஹாக்கி ஆட வந்தார்கள். (ஆட்டத்தில் நாம் தோற்றதை எந்த மலரும் இதுவரை குறிப்பிட்டதில்லை.) மறுநாள் விருந்தினருக்கு ஊரைச் சுற்றிக் காட்ட, ஆங்கிலம் தடையின்றி வரும் என்பதற்காக சார் என்னைத் தேர்ந்தெடுத்தார். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கியது, 1923இல் கொடிமலை ரயில் ஓடத் தொடங்கியது என்று இரவெல்லாம் உருப்போட்டேன். நாட்டின் மானமே என் நாவில்தான் இருக்கிறது என்று நம்பினேன்.

கெக் லோக் சி கோயிலுக்குப் போகும் வழியில், ஆயர் ஈத்தாம் சாலையருகே வரிசை வரிசையாக வெள்ளைத் துணி காய்வதைக் கண்ட ஒரு பையன், படம் எடுக்க வேண்டும் என்று வேனை நிறுத்தச் சொன்னான். நான் போட்ட பயணத் திட்டத்தில் வண்ணாந்துறை இல்லை, கவனமாகத்தான் விட்டிருந்தேன். என் தாத்தா தண்ணீரில் நின்று கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தார். இவர்கள் யார் என்று பையன் கேட்டான். “இந்தியாவிலிருந்து வந்தவர்கள், எனக்குத் தெரியாது” என்றேன். தாம் இந்நாட்டுக் குடிமகன் என்பதற்குச் சான்றான நீல அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக் காத்த மனிதரை ஒரே வாக்கியத்தில் அந்நியராக்கிவிட்டேன்.

பையன் கேமராவோடு குனிந்தபோது அவனுடைய சட்டைக் காலரின் உட்புறம் தெரிந்தது. அழியா மையில் இரண்டு புள்ளி, ஒரு கோடு. அது எந்தத் துணி யாருடையது என்று அறிய நாங்கள் இடும் எங்கள் வீட்டுச் சலவைக்குறி.

எனக்குப் பின்னால் நின்றிருந்த சார் ஒன்றும் சொல்லாமல் கல்லருகே இறங்கிப் போனார். “வணக்கம் ஐயா. உங்க பேரன் இங்கிலீஷ் நல்லா பேசுறான்” என்றார். தாத்தா கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, “எல்லாம் உங்க புண்ணியம் சார்” என்றார்.

அவ்வளவுதான். சார் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. திங்கட்கிழமை சபையில் நாட்டின் உறுதிமொழியான ருக்குன் நெகாராவை முன்நின்று சொல்லும் பொறுப்பிலிருந்துகூட நீக்கவில்லை. ஐந்து கோட்பாடுகளையும் நான் சொல்லி முடிக்கும்வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் படிவம் முடியும்வரை அந்தப் பார்வைக்குத் தப்ப நான் வேறு பள்ளி தேடாததே அதிசயம்.

1985இல் மெல்பர்னுக்குப் படிக்க வந்தேன். மறு ஆண்டே, போதைப்பொருள் குற்றத்துக்காக இரண்டு ஆஸ்திரேலியர் கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டனர். ஆஸ்திரேலியப் பிரதமர் பாப் ஹாக் அதைக் காட்டுமிராண்டித்தனம் என்றார். தூக்குத் தண்டனையில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனாலும் விடுதிச் சாப்பாட்டு மேசையில் மலேசியச் சட்டத்துக்காக நான்தான் வாதாடினேன். 1993இல் ஆசிய-பசிபிக் நாடுகளின் ஏபெக் மாநாட்டுக்குப் போகாத மலேசியப் பிரதமர் மகாதீரை, அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் பால் கீட்டிங் அடங்காதவர் என்று சாடியபோது எனக்கு ரத்தம் கொதித்தது. ஊரில் தே தாரிக் குடித்தபடி அதே மகாதீரை நாங்கள் திட்டாத திட்டா! வெளியான் ஒருவன் சொன்னால் மட்டும் ரோஷம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. இவ்வளவு ரோஷத்தையும் வைத்துக்கொண்டு, 2001இல் ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்று, இரட்டைக் குடியுரிமைக்கு இடமில்லாததால் மலேசியக் கடப்பிதழைத் திருப்பிக் கொடுத்து, குடியுரிமையைத் துறக்கும் பாரம் கே-யில் கையெழுத்தும் போட்டேன். தூதரக ஊழியர் காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிள்ளைகளின் படிப்பு என்று சொல்லியிருப்பேன். அது பாதி உண்மை.

2008இல் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது அலுவலகம் முழுவதற்கும் நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தேன். பட்டியலின் எல்லைக் கோட்டுக்குள் வண்ணாந்துறை வரவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

2019இல் போனபோது அங்கே இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொடிக்கயிறுகள் மட்டும் அப்படியே இருந்தன. நான் கைப்பேசியை உயர்த்தியதைக் கண்டு, துணி உலர்த்திக்கொண்டிருந்த ஓர் இளைஞன் மறைத்த வேட்டியை ஒதுக்கிப் பிடித்து, எந்த நாடு என்று ஆங்கிலத்தில் கேட்டான். தமிழில் பதில் சொல்லத்தான் வாய் திறந்தேன். “மெல்பர்ன்” என்று வந்தது. அவன் சிரித்தபடி வேட்டியை இன்னும் கொஞ்சம் ஒதுக்கிக் காட்டினான்.