கொர்டோஃபான் மொழிகளைப் பதிவுசெய்யும்போது

சூடானின் நூபா மலைப்பகுதி மொழி ஒன்று மொழிப் பட்டியலுக்கு வந்தால், ‘குடும்பம்’ என்ற கட்டத்தில் ‘கொர்டோஃபானியன்’ என்று போட்டுவிடுவதுதான் வழக்கம். பிழை அங்கேதான் தொடங்குகிறது. அது அடிப்படையில் ஒரு நிலப்பகுதியின் பெயர்.

1963-இல் மொழியியலாளர் கிரீன்பர்க் இப்பகுதி மொழிகளைக் கோவாலிப், தெகாலி, தலோடி, தும்தும், காட்லா என ஐந்து கிளைகளாக்கி, ஆப்பிரிக்காவின் பெரிய மொழிக் குடும்பமான நைஜர்-காங்கோவோடு இணைத்தார். 1981-இல் ஷாடெபெர்க் என்ற மொழியியலாளர் தும்தும் கிளையை, அதாவது கடுக்லி மொழிகளை, பிரித்து நைலோ-சஹாரா என்ற வேறொரு குடும்பத்தின் பக்கம் வைத்தார். உலக மொழிகளைத் தொகுக்கும் கிளாட்டோலாக் தரவுத்தளமோ ஹைபான் (கிரீன்பர்க்கின் கோவாலிப்), தலோடி, லாஃபோஃபா, ரஷாத் (அவரது தெகாலி), காட்லா-டிமா ஆகியவற்றைத் தனித்தனிக் குடும்பங்களாகவே காட்டுகிறது. அதனால் குழுவின் பெயரை உறுதியாக எழுதி, அதற்கு மேலுள்ள உறவை யார் சொன்னது, எந்த ஆண்டு என்ற குறிப்போடு தனியாக வைப்பதே நேர்மை.

சொற்பட்டியல் எடுக்கும்போது ஒருமை, பன்மை இரண்டையும் கேட்டே ஆக வேண்டும். இம்மொழிகள் பலவற்றில் பெயர்ச்சொற்கள் வகுப்புகளாகப் பிரிகின்றன; வகுப்பைக் காட்டும் முன்னொட்டு ஒருமைக்கும் பன்மைக்கும் மாறும். அவற்றுள் ஒன்றான மோரோ மொழியில் தண்ணீருக்கு ‘ஙவா’. நம் நாவுக்குச் சொல்முதல் ‘ங’ அரிது. அங்கே அது நீர்மப் பொருள்களின் வகுப்பைக் காட்டும் முன்னொட்டு. சுவாஹிலியின் ‘மாஜி’யில் உள்ள ‘மா’வும் அத்தகையதே. ஒலி வேறு, வேலை ஒன்று. நைஜர்-காங்கோ உறவுக்கு வலுவான வாதம் இத்தகைய வகுப்பு ஒப்புமைகள்தாம். ஆனால் முன்னொட்டைப் பிரிக்காமல் சொற்களை அப்படியே கணினியில் ஒப்பிட்டால், நீர்மப் பெயர்கள் எல்லாம் ‘ங’வில் தொடங்கி, இல்லாத வேரொற்றுமை இருப்பதாகக் கணக்கு காட்டும். அரபுக் கடன்சொற்களையும் முதலிலேயே கழித்துவிட வேண்டும்.

ரஷாத் குழு இன்னும் சிக்கலானது. அதிலுள்ள தாகோய் மொழியில் பெயர் வகுப்புகள் உண்டு, நெருங்கிய உறவான தெகாலி மொழியில் இல்லை. ஒன்று இழந்ததா, மற்றது அண்டை மொழியிடம் வாங்கியதா? வகுப்பை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பேசுவோரை வகைப்படுத்துவதில் இன்னும் கவனம் வேண்டும். ‘நூபா’ என்பது பல மொழிக்காரர்களுக்கான பொதுப்பெயர். நைல் கரை நூபியரோடு குழப்பக் கூடாது. கோவாலிப் மக்கள் தம் மொழியை ‘ஙிரேரே’ என்கிறார்கள். இரு பெயர்களும் இரு மொழிகளாகப் பதிவானால் எண்ணிக்கையே தவறிவிடும். நூபா மலைப்பகுதியில் 2011-இல் மூண்ட போருக்குப் பிறகு பலர் தென் சூடானின் யீடா முகாமுக்குப் போனார்கள். கார்த்தூமில் வளரும் பிள்ளைகள் பலருக்கு அரபுதான் முதல் மொழி. ஆகவே இனம், சொந்த மலை, இப்போது வசிக்கும் ஊர், வீட்டில் பேசும் மொழி என நான்கு தனிக் கட்டங்கள் தேவை.